திங்கட்கிழமைக் கேள்விகள்

கம்பெனி ஃபுட்பால் டீமுக்கு ரசிகனாக இருப்பதில் இரண்டு வேலை உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்ப்பது ஒன்று, திங்கட்கிழமை மேனேஜரைத் திட்டுவது மற்றொன்று. முதலாவதை வேண்டுமானால் விட்டுவிடலாம். மழை, கல்யாணம், மாமியார் வீடு என்று ஆயிரம் சாக்கு இருக்கிறது. இரண்டாவதை விட்டவனை ஜூஜுவாடி பஸ்ஸில் யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள்.

ஜூஜுவாடி பஸ் என்பது கர்நாடக எல்லையோரம் புறப்பட்டு, ஓசூரைத் தாண்டி, சூளகிரி ரோட்டில் இருக்கும் பிரேக் தொழிற்சாலைக்கு ஜெனரல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகிற கம்பெனி வண்டி. புது வண்டி விடச்சொல்லி யூனியனில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் பெட்டி மேடு மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும். அதன்மேல் கிழிந்த ரெக்சின் மெத்தை. சூடு ஏறும், தொடை அதிரும், அதில் உட்கார்ந்தவர் பின்பக்கம் திரும்பி மொத்த பஸ்ஸின் முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் வர வேண்டும். ஞாயிறு ஆட்டம் நடந்தால் திங்கள் காலை மேனேஜருக்கு அந்தப் பெட்டிதான் இடம். ஜெயித்தாலும் அங்கேதான், தோற்றாலும் அங்கேதான். கம்பெனி கேட் வருகிறவரை கேட்கிறவர்கள் கேட்பார்கள், அவர் பதில் சொல்லியாக வேண்டும். யார் எப்போது போட்ட சட்டம் என்று தெரியாது. ஆனால் இதுவரை யாரும் அதை மீறியதில்லை.

கம்பெனியில் மேனேஜர் என்ற பேரில் ஏழெட்டுப் பேர் ஏசி அறையில் இருக்கிறார்கள். பஸ்ஸில் மேனேஜர் என்றால் அது செல்வம் மட்டும்தான். டூல் ரூம் ஃபிட்டர், திண்டுக்கல்காரர். சின்ன வயதில் அங்கே லீக் ஆட்டங்களில் ஆடி, முழங்கால் போய், பிழைப்புக்கு ஓசூர் வந்தவர். கம்பெனி டீமுக்கு ஆள் எடுப்பது, யாரை எங்கே நிறுத்துவது, யாரை எப்போது வெளியே இழுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளம் கிடையாது. வசவு உண்டு.

வசவில் முதல் மரியாதை அதாவுல்லா பாய்க்கு. ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில் உலையோடு வேலை, கிருஷ்ணகிரிக்காரர். பந்தைக் காலால் தொட்டதே கிடையாது, ஆனால் நாலு-நாலு-ரெண்டு சரியா, நாலு-மூணு-மூணு சரியா என்று ஆரம்பித்தால் பஸ் ஓசூர் டிராஃபிக்கில் நிற்பதே தெரியாது. அவருக்கு அடுத்தது அசெம்பிளி லைன் பொற்கொடி. ஊத்தங்கரைப் பெண். அவள் அவ்வளவு பேச மாட்டாள், பேசினால் ஊசிதான். ஒருமுறை ஜெயிக்கிற ஆட்டத்தில் எல்லாரையும் முன்னே ஏற்றிவிட்டு செல்வம் கடைசி நிமிஷத்தில் கோல் வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் பொற்கொடி, "ஏங்க சார், எல்லாரும் முன்னாடி போயிட்டா பின்னாடி காவலுக்கு யாரு, பிள்ளையாருங்களா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளையார் பேச்சு இரண்டு வருஷம் ஓடியது.

செல்வத்துக்கு இதெல்லாம் பிடிக்கும். வெளியே சொல்ல மாட்டார். பெட்டியில் உட்கார்ந்ததும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார், ஒவ்வொரு கேள்விக்கும் எகிறுவார், ஒரு தடுப்பாட்டக்காரன் ஏன் இடதுபக்கம் ஒதுங்கி நின்றான் என்று டிபன் பாக்ஸை வைத்து விளக்குவார். ஞாயிறு ராத்திரி மனசுக்குள் கேள்வியும் அவரே, பதிலும் அவரேயாக ஓட்டிப் பார்த்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாது.

ஆவணி மாதத்தில் அவர் மனைவி இருளாயி செத்துப்போனாள்.

ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கொட்டகையில், பாலிஹவுஸில், அவளுக்கு வேலை. பூ வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். எல்லை தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மெஷினில் வைத்தார்கள். அவள் கண் திறக்கவே இல்லை.

பஸ்ஸே வீட்டுக்கு வந்துவிட்டது. மூக்கண்டப்பள்ளியில் செல்வம் குடியிருந்த சந்துக்குள் வண்டி நுழையாததால் மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு எல்லாரும் நடந்து வந்தார்கள். பாய் நாற்காலி தூக்கிப் போட்டார். பொற்கொடி அடுப்படிக்குள் போனவள் இரண்டு நாள் வெளியே வரவில்லை. பாலிடெக்னிக் படிக்கிற மகள் சுப்ரியா மயங்கி மயங்கி விழுந்தாள், அவளைத் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தது. செல்வத்தைத் தாங்க நின்ற ஆட்களுக்கு வேலையே இல்லை. அவர் அழவில்லை. வந்தவர்களுக்குக் கை கொடுத்தார். பந்தல்காரனிடம் பேசினார். யார் என்ன சொன்னாலும் "சரி" என்றார்.

கெலவரப்பள்ளி அணையில் அஸ்தி கரைக்கும்போது தண்ணீர்மேல் வெள்ளையாக நுரை மிதந்துகொண்டிருந்தது. மண்சட்டியைச் சாய்த்தபோது செல்வத்துக்கு, லெஃப்ட் பேக்கில் நிற்கிற பையனுக்கு வேகம் பத்தவில்லையே என்று ஒரு நினைப்பு ஓடியது. இப்படி நினைக்கிறோமே என்று வெட்கப்பட வேண்டும் என்பதும் தெரிந்தது. வெட்கமும் வரவில்லை. துக்கம் தொண்டையை அடைக்கும் என்பார்கள். அவருக்கு எதுவும் அடைக்கவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கும் போனார். கம்பெனிகளுக்குள் நடக்கிற லீக் அது, பாதிதான் முடிந்திருந்தது. யாரை எடுத்தோம், எங்கே நிறுத்தினோம் என்பது அவருக்கே சரியாக ஞாபகமில்லை. ஸ்ரீராம் என்று ஒருவன், பிரஸ் ஷாப் ஆபரேட்டர், டீமின் ஒரே நல்ல ஃபார்வர்டு. அவனை ஆட்டம் சமமாக இருந்த நேரத்தில் வெளியே இழுத்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். டீம் தோற்றது.

மறுநாள் பஸ் ஏறி நேராக என்ஜின் பெட்டிக்குப் போனார். பொற்கொடி எழுந்து, "சார், அங்க சூடுங்க. இங்க வந்து உக்காருங்க" என்று தன் ஜன்னல் சீட்டைக் காட்டினாள். மூன்று பேர் நகர்ந்து வழிவிட்டார்கள். அவர் உட்கார்ந்தார். பாய் மழையைப் பற்றிப் பேசினார். பின்னால் யாரோ தக்காளி விலையைப் பற்றிப் பேசினார்கள். ஸ்ரீராமை ஏன் இழுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று அவர் காத்திருந்தார். கேட் வந்தது. இறங்கும்போது ஒருவர் தோளைத் தட்டி, "விடுங்க சார், வெற்றி தோல்வி எல்லாம் இருக்கறதுதான்" என்றார்.

அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. தோல்வி, ஜன்னல் சீட்டு, வெயில், மழை. பொற்கொடி வேர்க்கடலை கொடுத்தாள். பெட்டிமேல் இப்போது டிரைவர் தன் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். ஜனங்கள் நல்லவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் போய் ஆஃப்சைடு பற்றிக் கேட்பதா என்று அவர்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் அந்த நல்லது செல்வத்துக்கு வேறு மாதிரிப் பட்டது. ஜன்னலில் ஓசூர் பஸ் ஸ்டாண்டு போவதைப் பார்த்துக்கொண்டே, இருளாயியோடு சேர்த்து என்னையும் கரைத்துவிட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பிலும் வலி இல்லை. அது ஒரு தகவல் மாதிரி இருந்தது.

இவர்கள் வாயைத் திறக்க வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. கோபத்தில் தோன்றவில்லை. வலிக்கிறதா பார்க்கலாம் என்று மரத்த இடத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி. அடுத்த ஆட்டத்தில் டெஸ்பாட்ச் குமாஸ்தா மணிவேலை நடுக்களத்தில் இறக்கினார். மணிவேல் தண்ணீர் பாட்டில் கொடுக்க வருகிற மனுஷன், தொந்தியைக் குனிந்து தாண்டித்தான் பந்தைப் பார்க்க வேண்டும். பாதி ஆட்டத்தில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மைதானத்தின் ஓரத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பழைய நாளாக இருந்தால் திங்கட்கிழமை பஸ்ஸின் கூரை பறந்திருக்கும். பாய் மட்டும் ஒருதரம் வாயைத் திறந்தார், பொற்கொடி அவர் முழங்கையை இடித்தாள், அவர் மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் வந்தது அத்திப்பள்ளி கம்பெனிக்காரர்களோடு ஆட்டம், லீக்கில் கடைசி. ஆவணிக்கு முன்னால் சேர்த்த புள்ளிகளோடு அதிலும் ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. பையன்கள் வாரம் முழுக்கச் சாயங்காலம் தங்கிப் பயிற்சி எடுத்திருந்தார்கள். செல்வம் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து இடங்களைச் சொன்னார். கோல்கீப்பர் அஜாஸ் ஃபார்வர்டு. ஃபார்வர்டு ஸ்ரீராம் கோல்கீப்பர்.

ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அஜாஸ் மாநில அளவில் கோலைக் காத்தவன், முன்னால் ஓடத் தெரியாது. ஸ்ரீராமுக்குப் பந்தைக் கையால் பிடித்தே பழக்கமில்லை. யாராவது ஒருவன் 'என்ன சார் இது' என்று கேட்டிருந்தால் செல்வம் அந்த நிமிஷமே மாற்றியிருப்பார். அதற்காகத்தான் கொஞ்சநேரம் நின்றார். அஜாஸ் கையுறையைக் கழற்றி ஸ்ரீராமிடம் கொடுத்து, இறுக்கிக் கட்டிக்கொள் என்று மட்டும் சொன்னான்.

இடைவேளைக்கு முன்பே நாலு கோல். ஐந்தாவதைத் தடுக்கப்போய் ஸ்ரீராமின் வலது கை விரல் பின்பக்கமாக மடிந்துகொண்டது. செல்வம்தான் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் மாவுக்கட்டு போட வைத்தார். பிரஸ் ஓட்டுகிறவனுக்கு விரல்தான் சோறு, அதுவும் அவன் கான்ட்ராக்டில் இருக்கிறவன். வழியெல்லாம் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு பண்ணிவிட்டோம் என்று செல்வத்துக்குப் புரிந்தது. புரிந்தது எங்கேயோ தூரத்தில் இருந்தது.

மறுநாள் வழக்கமான டிரைவர் லீவு. அவருக்குப் பதிலாக வந்தவர் வெங்கடப்பன், பாகலூர் பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். இந்த வண்டியைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பார் போல, சண்டையும் கூச்சலுமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். சிப்காட் தாண்டியும் ஒரு சத்தமில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீராம் முன்சீட்டில் இருந்தான். லீவு எழுதிக்கொடுக்க வந்திருந்தான். செல்வம் ஜன்னலோரம் இருந்தார். வெங்கடப்பன் கண்ணாடியில் எல்லாரையும் பார்த்துவிட்டு, என்னப்பா இது, இந்த பஸ்ஸில் யாராவது செத்துப்போய்ட்டாங்களா என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தார்.

தெலுங்கு புரியாதவர்கள் அந்த வண்டியில் இல்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதாவுல்லா பாய் எழுந்து நின்றார். "ஆமாப்பா. தோ இவரு சம்சாரம் இருளாயி தவறிட்டாங்க. ரெண்டு மாசம் ஆவுது. அன்னிலேர்ந்து நாங்களும் வாயில துணி வச்சிக்கினு வர்றோம்."

இருளாயி என்ற பேரை அந்த இரண்டு மாதத்தில் வெளி ஆள் ஒருவர்கூடச் சொல்லவில்லை. 'அவங்க' என்றார்கள், 'வீட்ல' என்றார்கள், 'உங்க நெலம' என்றார்கள். செல்வம் திரும்பிப் பார்த்தார்.

"செல்வம், எந்திரி," என்றார் பாய். "போய்ப் பொட்டி மேல உக்காரு."

பொற்கொடி வேண்டாம் பாய் என்று கையைப் பிடித்தாள். பாய் உதறினார். செல்வம் எழுந்து, கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். வெங்கடப்பன் ஒன்றும் புரியாமல், பெட்டிமேல் வைத்திருந்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டார். செல்வம் பெட்டியில் உட்கார்ந்தார். சூடு பேண்டைத் தாண்டித் தொடையில் ஏறியது. எதிரில் அத்தனை முகங்கள்.

"கீப்பர எதுக்கு முன்னாடி போட்ட?"

"அவனுக்கு ஒயரம் இருக்கு பாய். கார்னர் வந்தா தலைல முட்டுவான்னு..."

"பொய் சொல்லாத. ஒயரம் எனக்கும்தான் இருக்குது, என்னயும் எறக்க வேண்டிதுதான?" பாய் முன்சீட்டுக் கம்பியைத் தட்டினார். "அந்தப் பொண்ணுக்கு நாங்களும்தான் அழுதோம். நீதான் அழல. அதுக்குன்னு, வாரம் முழுக்க ஓடுன பசங்கள நீ இப்டி நாசம் பண்றத எவ்ளோ நாளு பாத்துக்கினு இருக்கறது? ஏன் போட்ட, அத மட்டும் சொல்லு."

செல்வம் டிபன் பாக்ஸைத் தேடவில்லை.

"நீங்க கேக்கணும்னுதேன் பாய்," என்றார்.

பாய் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். அடுத்துப் பேசியது ஸ்ரீராம்தான், சத்தம்கூடப் போடாமல்.

"அதுக்கு என் வெரலுதான் கெடச்சிதா சார்?"

அந்தக் கேள்வி அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு மாதத்தில் முதல்முதலாகத் தைத்தது அது. "தப்புதேன் தம்பி. பெரிய தப்பு," என்றார்.

"ஒரு தப்புங்களா?" என்று பின்னாலிருந்து பொற்கொடி ஆரம்பித்தாள். கேட்காமல் விட்ட கேள்விகள் எல்லாவற்றையும் அவள் சேர்த்து வைத்திருந்தாள். சமமாக இருந்த ஆட்டத்தில் ஸ்ரீராமை எடுத்தது முதல் மணிவேலின் தொந்தி வரைக்கும் வரிசையாக வந்தது. வாய் நமநமவென்று எத்தனை நாள் அடக்கிக்கொண்டிருந்தோம் தெரியுமா என்று வேறு கேட்டாள். மணிவேலே எழுந்து, என்னை எந்த மகராசன் நடுக்களத்துக்கு ஆள் என்று சொன்னான் என்று சண்டை பிடித்தார். லெஃப்ட் பேக்கைப் பற்றி ஒருவர் கேட்டார். செல்வத்துக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அந்தப் பையனுக்கு வேகம் போதாது என்று எனக்குத் தெரியாதா, வேறு ஆளை நீ பெற்றுக் கொடு என்று கத்தினார். பஸ் முழுக்கக் கத்தியது. கேட்டில் வண்டி நின்ற பிறகும் யாரும் இறங்கவில்லை. செக்யூரிட்டி வந்து கதவைத் தட்டினார். வெங்கடப்பன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று முழுக்க செல்வத்துக்குக் காது சூடாக இருந்தது. மத்தியானம் கேண்டீன் சாம்பாரில் உப்பில்லை என்று தெரிந்து, போய்க் கேட்டார். இவ்வளவு நாளும் அதே சாம்பார்தானே சார் சாப்பிட்டீங்க என்றான் பரிமாறுகிறவன். பாய் சொன்னதற்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் எல்லாம் மில்லிங் மெஷின் முன்னால் நிற்கும்போது ஒவ்வொன்றாக வந்தன. அவருக்கே ஒரு இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் மாடிப்படியை அந்த முழங்காலோடு இரண்டிரண்டாக ஏறினார். வாசற்படியில் உட்கார்ந்து ஷூவின் லேஸை அவிழ்த்துக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அடியே, இன்னைக்கு பாய் என்னைய பஸ்ல வச்சு உரிச்சு உப்புக்கண்டம் போட்டுட்டாருடி. இங்கிட்டு வந்து கேளு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

கல்யாணமானதிலிருந்து திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைகிற விதம் அதுதான். இருளாயி ஒரு ஆட்டம்கூட நேரில் பார்த்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, யார் என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று ஒன்றுவிடாமல் கேட்பாள். கேட்டு முடித்து, எப்போதும் பஸ்ஸின் பக்கம்தான் பேசுவாள்.

சுப்ரியா வந்து நின்றாள். கையெல்லாம் கோதுமை மாவு. அவர் அவளைப் பார்த்தார். அவிழ்த்த ஷூ ஒன்று கையில் இருந்தது. இன்னொன்று காலில் இருந்தது. பாவம், அவளுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே போய்விடலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். பிறகு போகாமல், எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னப்பா சொன்னாரு?"

அவர் சொன்னார். முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு கடகடவென்று. வெங்கடப்பன் கேட்டது, பாய் பெட்டியில் உட்காரச் சொன்னது, தான் சொன்ன பொய், சொன்ன உண்மை, மணிவேலின் தொந்தி. ஸ்ரீராம் கேட்டதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. சுப்ரியா கேட்டுக்கொண்டே விரலில் ஒட்டிய மாவைத் தேய்த்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பாய் சொன்னதுல என்ன தப்பு?" என்றாள் கடைசியில். "வெரலு ஒடஞ்ச அந்த அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அம்மா இருந்தா நேத்தே போயிருப்பாங்க."

"ஆமா," என்றார் செல்வம். "போயிருப்பா." ஒரு காலில் ஷூவோடு வாசற்படியிலேயே உட்கார்ந்து, என்னவோ ஏதோ என்று பக்கத்து வீட்டுச் சாந்தம்மா பதறி வெளியே ஓடி வருகிற அளவுக்கு வாய்விட்டு அழுதார்.